பாதி சீசனில் விலகும் பயிற்சியாளர்

2015 அக்டோபர் 12, திங்கட்கிழமை மாலை. தென் கரோலினா மாநிலத் தலைநகர் கொலம்பியாவில், பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கூட்டிவைத்து, தாம் பொறுப்பிலிருந்து விலகுவதாகத் தலைமைப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பரியர் அறிவித்தார். அவருக்கு அப்போது வயது 70. சீசனின் 12 ஆட்டங்களில் ஆறு முடிந்திருந்தன, ஆறு பாக்கி. அடுத்த ஆட்டத்துக்கு ஐந்தே நாள் இருந்தது. மறுநாள் நிருபர்கள் கூடியபோது, உதவிப் பயிற்சியாளர் ஷான் எலியட் இடைக்காலப் பொறுப்புக்கு வந்துவிட்டார்.

ஸ்பரியரோடு அது நிற்கவில்லை. அக்டோபர் 25 அன்று மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஓலியரி ஓய்வு பெற்றார். மூன்று நாள் கழித்து மின்னசோட்டாவின் ஜெர்ரி கில் நோயின் காரணமாக விலகினார். நவம்பர் 1 அன்று வர்ஜீனியா டெக் அணியின் ஃபிராங்க் பீமரும், நவம்பர் 13 அன்று மிசூரியின் கேரி பிங்கலும் சீசன் முடிந்ததும் ஓய்வு பெறப்போவதாக அறிவித்தார்கள். ஐந்து வாரத்துக்குள் ஐந்து மூத்த பயிற்சியாளர்கள். ஐவரின் காரணமும் ஒன்றல்ல, போன விதமும் ஒன்றல்ல.

மூத்த பயிற்சியாளர் ஒருவர் பாதி சீசனில் அணியை விட்டுப் போகலாமா என்ற கேள்விக்கு அமெரிக்க விளையாட்டு உலகம் இரண்டு விடைகளை ஆயத்தமாக வைத்திருக்கிறது. அது ஓடிப்போவது என்பார்கள் சிலர். உழைத்துக் களைத்தவருக்கு விரும்பியபோது போக உரிமை உண்டு என்பார்கள் வேறு சிலர். இரண்டு விடைகளும் பயிற்சியாளரை மட்டுமே பார்க்கின்றன. அவரை நம்பி வந்த 18 வயதுப் பையனும், அவருக்குக் கீழே வேலை பார்க்கும் உதவிப் பயிற்சியாளரும், அவர் இல்லாத நாளுக்கு எந்த ஏற்பாடும் செய்யாத பல்கலைக்கழகமும் அந்தப் பார்வையில் விழுவதில்லை. இவர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்விக்கு நேர்மையான விடை கிடைக்கும்.

ஒருவரைச் சுற்றி எழுந்த அமைப்பு

இங்கே கால்பந்து என்பது நாம் பார்த்துப் பழகிய, காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. அந்நாட்டில் கல்லூரி அணிகளின் ஆட்டம் தொழில்முறை ஆட்டத்துக்குச் சற்றும் குறையாத மக்கள் ஈர்ப்புக் கொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரலாம். தென் கரோலினாவின் வில்லியம்ஸ்-பிரைஸ் மைதானத்தில் ஏறத்தாழ 80,000 பேருக்கு இடமுண்டு. பல மாநிலங்களில் அரசு ஊதியம் பெறுவோரில் மிக அதிகச் சம்பளக்காரர் ஆளுநரோ துணைவேந்தரோ அல்லர். அரசுப் பல்கலைக்கழகத்தின் கால்பந்துப் பயிற்சியாளர்தான்.

சீசன் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து நவம்பர் இறுதிவரை நடக்கும். வாரம் ஓர் ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. டிசம்பரிலும் ஜனவரியிலும் ‘பவுல்’ எனப்படும் சிறப்பு ஆட்டங்கள். மொத்த ஆட்டங்களே 12 என்பதால் ஒவ்வொரு தோல்வியும் பெரிதாகத் தெரியும். இரண்டு மாதத்துக்குள் ஒரு பயிற்சியாளரின் பெயர் உச்சிக்கும் போகும், பாதாளத்துக்கும் போகும்.

ஆட்டத்தைவிட முக்கியமான இன்னொரு வேலையும் அவருக்கு உண்டு: ஆள் சேர்ப்பது. உயர்நிலைப் பள்ளியில் ஆடும் திறமைசாலிகளைத் தேடி அவர்கள் வீட்டுக்கே போவார். தாய் தந்தையோடு உட்கார்ந்து பேசுவார். உங்கள் பையனை என் பொறுப்பில் விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேருபவர்கள் உண்டு. பயிற்சியாளரின் வாக்கை நம்பிச் சேருபவர்களே ஏராளம். பாதியில் விலகும்போது அவர் முறிப்பது பல்கலைக்கழகத்தோடு போட்ட ஒப்பந்தத்தை மட்டுமன்று. அந்த வீட்டுக் கூடத்தில் கொடுத்த வாக்கையும்தான்.

ஸ்பரியர்: தோல்வியின் நடுவே

ஸ்பரியர் சாதாரண ஆளல்லர். 1966 இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரராக, கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய தனிநபர் விருதான ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றவர். அதே பல்கலைக்கழகத்துக்கு 1990 முதல் 2001 வரை பயிற்சியாளராக இருந்து 122 ஆட்டங்களில் வென்றார். 1996 சீசனில் தேசியப் பட்டத்தையும் பெற்றுத் தந்தார். இடையில் இரண்டு ஆண்டு வாஷிங்டன் தொழில்முறை அணியில் இருந்துவிட்டு, 2005 இல் தென் கரோலினாவுக்கு வந்தார். அந்தப் பல்கலைக்கழகம் அதுவரை தன் வரலாற்றில் ஒரே ஒரு சீசனில்தான், 1984 இல், பத்து வெற்றிகளைத் தொட்டிருந்தது. ஸ்பரியர் 2011, 2012, 2013 என மூன்று சீசன் தொடர்ந்து 11 வெற்றிகள் தந்தார். அங்கே அவர் பெற்ற வெற்றிகள் 86. ஃபுளோரிடா, தென் கரோலினா இரண்டிலுமே அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் அவர்தான்.

2014 இல் சரிவு தொடங்கியது. ஏழு வெற்றி, ஆறு தோல்வி. அந்த ஆண்டு இறுதியில், இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் இருப்பேன் என்ற பொருளில் அவர் ஒரு வார்த்தை விட்டார். நான்கு ஆண்டு படிக்க வரப்போகும் பையனின் காதில் அது எப்படி விழும்? சேர்வதாக வாக்களித்திருந்த சிலர் பின்வாங்கினார்கள். அப்படிப் பேசியது தவறு என்று ஸ்பரியரே பிறகு ஒப்புக்கொண்டார்.

2015 சீசனில் ஆறு ஆட்டங்களில் இரண்டுதான் வெற்றி. ஜார்ஜியா அணியிடம் 52-20 எனத் தோற்றது பெரிய அடி. அக்டோபர் தொடக்கத்தில் மாநிலத்தையே புரட்டிப்போட்ட வெள்ளத்தால், கொலம்பியாவில் நடக்கவிருந்த ஆட்டம் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகருக்கு மாற்றப்பட்டது. சொந்த ஊர் ஆட்டத்தை அயலூரில் ஆடி, 45-24 எனத் தோற்றது அணி. அதுவே அவருடைய கடைசி ஆட்டமாயிற்று.

நிருபர்கள் முன்னிலையில் தாம் விலகுவதாகவும், ஆனால் ஓய்வு பெறவில்லை என்றும் அவர் அழுத்திச் சொன்னார். தோல்விகளுக்குத் தாமே பொறுப்பு என்றார். போவது உறுதியான பின் தாமதிப்பதில் பயனில்லை, அணிக்குப் புதிய குரல் வேண்டும் என்பது அவர் வாதம். யார்மீதும் பழி போடவில்லை. பேச்சில் நேர்மை இருந்தது என்பதை அவரைக் குறைகூறியவர்களும் மறுக்க முடியாது.

அந்தப் புதிய குரல் என்ன செய்தது? எலியட்டின் தலைமையில் முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்ட் அணியை 19-10 என வென்றார்கள். அதற்குப் பின் ஐந்து ஆட்டங்களும் தோல்வி. சிறிய இராணுவக் கல்லூரியான சிட்டடல் அணியிடம் சொந்த மைதானத்தில் 23-22 எனத் தோற்றது அதில் ஒன்று. மூன்று வெற்றி, ஒன்பது தோல்வியோடு சீசன் முடிந்தது. எலியட்டுக்கு அந்தப் பதவி நிலைக்கவில்லை. வில் மஸ்சாம்ப் புதிய தலைமைப் பயிற்சியாளரானார். ஸ்பரியர் இருந்திருந்தாலும் அணி தோற்றிருக்கக்கூடும். ஆனால் அந்தத் தோல்விகளை 20 வயது வீரர்களோடு நின்று அவரும் சுமந்திருப்பார். அவர்மீதுள்ள குறை இதுதான்: மூன்று சீசன் வெற்றியின் முன்வரிசையில் நின்றவர், தோல்வியின் பின்பாதியை உதவியாளரிடம் விட்டுப் போனார்.

ஓலியரி: கட்டியவரே கண்ட சரிவு

ஓலியரியின் கதை இன்னும் கசப்பானது. 2004 இல் அவர் மத்திய ஃபுளோரிடாவுக்கு வந்த முதல் சீசனில் அணி 11 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. அங்கிருந்து தொடங்கி, 2013 சீசனில் 12 வெற்றிகளும் ஒரே தோல்வியும் கண்டு, ஃபியெஸ்டா பவுலில் பெய்லர் அணியை 52-42 என வீழ்த்தும் அளவுக்கு அதை உயர்த்தினார். இரண்டே ஆண்டில் எல்லாம் தலைகீழானது. 2015 இல் முதல் எட்டு ஆட்டங்களும் தோல்வி. ஹூஸ்டனிடம் 59-10 எனத் தோற்ற மறுநாள் அவர் ஓய்வை அறிவித்தார். அந்த ஆண்டு சில மாதம், பயிற்சியாளர் பதவியோடு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் பொறுப்பையும் இடைக்காலமாக அவரே பார்த்தார். இரண்டு பெரிய வேலைகளை ஒருவர் தலையில் ஏற்றிய நிர்வாகம், அவரே கழன்றுகொண்டபோது திகைத்து நின்றதில் வியப்பில்லை.

அணி 12 ஆட்டங்களிலும் தோற்றது. ஆனால் 2017 இல், ஸ்காட் ஃபிராஸ்டின் கீழ், 13 ஆட்டங்களிலும் வென்றது அதே பல்கலைக்கழகம். ஓலியரி சேர்த்த வீரர்கள் பலர் அந்த அணியில் இருந்தார்கள். பயிற்சியாளர் மாறினால் அணி மாறும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த மாற்றம் நடந்தது புதியவரை நியமித்து, முழுதாகத் தயாராக அவகாசம் கொடுத்த பிறகுதான். அக்டோபர் கடைசியில் நடந்த கைமாற்றம் எஞ்சிய நான்கு ஆட்டங்களில் ஒரு வெற்றியைக்கூடத் தரவில்லை.

கில், பிங்கல்: உடல் சொன்ன விடை

ஜெர்ரி கில் விலகியதை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அவருக்கு வலிப்பு நோய். சிறுநீரகப் புற்றுநோயிலிருந்து முன்பே மீண்டவர். 2011 இல் ஆட்டத்தின்போதே மைதான ஓரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். 2013 இல் சிகிச்சைக்காகச் சில வாரம் விடுப்பு எடுத்தார். திரும்பியபின் ஆட்டங்களின்போது மேல்மாடத்தில் உட்கார்ந்தார். 2014 இல் அவருடைய அணி ஆடும் மாநாட்டின், அதாவது பல பல்கலைக்கழக அணிகள் சேர்ந்த கூட்டமைப்பின், சிறந்த பயிற்சியாளர் விருதும் கிடைத்தது. 2015 அக்டோபரில் வலிப்பு மீண்டும் அடிக்கடி வரத் தொடங்கியது, தூக்கமும் இல்லை. அக்டோபர் 28 அன்று நிருபர்கள் முன் கண்ணீர் விட்டு அழுதபடி விலகினார். வயது 54. பயிற்சி கொடுப்பதைத் தவிர வேறு வேலை அறியாதவர், இனி என்ன செய்வேன் என்று தெரியவில்லை என்று வெளிப்படையாகவே கலங்கினார்.

மூன்று நாள் கழித்து, அவருடைய உதவிப் பயிற்சியாளர் டிரேசி கிளேய்ஸ் தலைமையில் மின்னசோட்டா அணி மிச்சிகனை எதிர்கொண்டது. பாதி சீசனில் தலைமை கைமாறுவது என்றால் என்ன என்பதை அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகள் காட்டின. மின்னசோட்டா 29-26 எனப் பின்தங்கியிருந்தது. பந்து எல்லைக் கோட்டுக்கு ஒரு கஜத்துக்கும் குறைவான தூரத்தில். கையில் இருந்தது 19 நொடி. உதைத்து மூன்று புள்ளி எடுத்திருந்தால் ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். வெல்ல முயன்றார்கள். வீரர்கள் வரிசை மாறி நின்றுகொண்டிருக்கும்போதே கடிகாரம் ஓடியது. எறிந்த பந்து வீணானபோது எஞ்சியது இரண்டு நொடி. கடைசி முயற்சியாகப் பந்தோடு நேரே பாய்ந்த வீரரை மிச்சிகன் தடுப்பு வரிசை மடக்கிப்போட்டது. திடீரென்று தலைமையேற்று நடத்தியவருக்குக் கடிகாரமும் எதிரியாக நின்றது. துணிவில் குறையில்லை, ஆனால் தலைமை கைமாற மூன்று நாள் போதாது.

ஆனாலும் கில்லைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அவர் போக வேண்டிய நேரத்துக்குச் சற்றுப் பிந்தியே போனார் என்றுகூடச் சொல்லலாம். பல்கலைக்கழகமும் இங்கே பொறுப்பாக நடந்தது. இரண்டே வாரத்தில் கிளேய்ஸை நிரந்தரமாக நியமித்து, வீரர்களின் குழப்பத்தைத் தீர்த்தது. அணி பவுல் ஆட்டம் வரை போய், மத்திய மிச்சிகனை வென்றது. கில் பிற்பாடு உடல் தேறித் திரும்பினார். 2021 இல் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழக அணியை அதேபோல் பாதி சீசனில் இடைக்காலமாக ஏற்று, முதல் ஆட்டத்திலேயே பெய்லரை வென்றார். 2022, 2023 சீசன்களில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். மேலும் தாமதிக்காமல் விலகியதால்தான் இந்தத் திரும்புதல் அவருக்கு வாய்த்தது என்பது என் கருத்து.

மிசூரியின் கேரி பிங்கலுக்கு நிணநீர்ப் புற்றுநோய் இருப்பது 2015 மே மாதமே தெரிந்துவிட்டது. சீசனைத் தொடங்கினார், நடுவில் யோசித்து, முடியும்வரை இருந்துவிட்டுப் போவதென்று தீர்மானித்தார். அது அந்தப் பல்கலைக்கழகம் இனப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தில் கொதித்துக்கொண்டிருந்த வாரம். கறுப்பின வீரர்கள் ஆட மாட்டோம் என்று நின்றார்கள். பிங்கல் அவர்கள் பக்கம் நின்றார். பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் பதவி விலகினார். அந்த வாரக் கடைசியில் பிங்கல் தம் நோயை அறிவித்தார். மறுநாள் அணி பிரிகம் யங் பல்கலைக்கழகத்தை 20-16 என வென்றது. மிசூரி வரலாற்றில் மிக அதிகமாக 118 வெற்றிகளோடு அவர் விடைபெற்றார். தடுப்புப் பிரிவை நடத்திவந்த உதவியாளர் பேரி ஓடமே அடுத்த பயிற்சியாளரானார்.

நோயைப் பற்றிப் பேசும்போது பழைய பெயர் ஒன்றையும் சொல்ல வேண்டும். அலபாமாவின் ‘பேர்’ பிரையன்ட், 323 வெற்றிகள் கண்டவர். 1982 டிசம்பர் 15 அன்று ஓய்வை அறிவித்தார். டிசம்பர் 29 அன்று மெம்ஃபிஸில் லிபர்ட்டி பவுலில் கடைசி வெற்றி. 1983 ஜனவரி 26 அன்று மாரடைப்பால் இறந்தார். கடைசி ஆட்டத்துக்கும் மரணத்துக்கும் இடையே 28 நாள். கடைசிவரை நின்று ஆடித் தீர்ப்பதே வீரம் என்று இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். எனக்கு அதில் வீரத்தைவிட எச்சரிக்கையே அதிகம் தெரிகிறது. ஒரு மனிதரின் உடலைவிடச் சீசன் பெரிதில்லை.

பீமர்: சொல்லிவிட்டு நின்றவர்

ஐவரில் என் மதிப்பில் முதலிடம் ஃபிராங்க் பீமருக்கு. 1987 முதல் வர்ஜீனியா டெக்கின் பயிற்சியாளர். மாணவராக அங்கேயே ஆடியவர். 2014 டிசம்பரில் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. அணியின் ஆட்டமும் சில ஆண்டுகளாகத் தளர்ந்திருந்தது. நவம்பர் 1 அன்று, இந்த சீசனோடு முடித்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். அறிவித்தாரே தவிர, கிளம்பவில்லை.

அந்த அறிவிப்புக்குப் பின் நடந்தவை ஒழுங்கான விடைபெறலுக்கு இலக்கணம். அணி அடுத்த ஆட்டத்தில் ஜார்ஜியா டெக்கை 23-21 என வென்றது. சொந்த மைதானத்தின் கடைசி ஆட்டத்தில் வட கரோலினாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்றது. பிறகு வர்ஜீனியாவை 23-20 என வென்று, தொடர்ந்து 23ஆம் ஆண்டாகப் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. டிசம்பர் 26 அன்று டல்சா அணியை 55-52 என வென்று பீமர் விடைபெற்றார். இதற்கிடையே நிர்வாகம் ஒளிவுமறைவு இன்றி ஆள் தேடியது. நவம்பர் இறுதியிலேயே ஜஸ்டின் ஃபுவென்டே நியமிக்கப்பட்டார். பீமரிடம் நெடுங்காலம் தடுப்புப் பிரிவை நடத்திய பட் ஃபாஸ்டர் புதியவரிடமும் தொடர்ந்தார். அணியில் சேர வாக்களித்த பையன்களுக்கு யார் வருகிறார், யார் இருக்கிறார் என்பது கையொப்பமிடும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிட்டது.

விலகலைக் கருவியாக்கியவர்கள்

காலம் பார்த்து விலகுவதற்கு வேறு நோக்கங்களும் உண்டு. தமக்குப் பிடித்தவரிடம் பதவியைச் சேர்ப்பது ஒன்று. விஸ்கான்சின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் போ ரயன், 2015 கோடையில் இன்னும் ஒரு சீசன் மட்டும் என்றவர், அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று ஓர் ஆட்டம் முடிந்ததும் விலகினார். நெடுநாள் உதவியாளர் கிரெக் கார்டுக்கு மீதி சீசன் முழுதும் கையில் கிடைத்தது. அவர் திறமை காட்டினார்; சீசன் முடியுமுன்பே பதவி நிரந்தரமாயிற்று. டெக்சஸ் டெக் கூடைப்பந்தில் பாப் நைட், 902 வெற்றிகளோடு 2008 பிப்ரவரியில் நடு சீசனில் விலகியபோது, அந்த இடத்துக்கு வந்தவர் அவர் மகன். அங்கே வாரிசு முன்பே எழுத்தில் முடிவாகியிருந்தது என்பதால் குழப்பம் குறைவு. விளைவு நல்லதாக முடிந்தாலும், நேர்மையான போட்டியில் நிரப்ப வேண்டிய இடத்தை விலகும் தேதியால் நிரப்புவது சரியான முறை ஆகாது.

கண்டனமாக விலகியவர் டான் ஜேம்ஸ். வாஷிங்டன் பல்கலைக்கழக அணிமீது மாநாடு விதித்த தண்டனையை எதிர்த்து, 1993 ஆகஸ்டில், சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கையில் போய்விட்டார். கோபம் நியாயமானதாகவே இருக்கட்டும். தண்டனையைச் சுமந்து ஆடியவர்கள் மாணவர்கள்.

ஓய்வைக் கேடயமாக்க முடியாது என்பதற்கு பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் சான்று. 46 சீசன் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோ, முன்னாள் உதவியாளர் ஒருவரின் பாலியல் குற்றங்கள் வெளிவந்தபோது, 2011 நவம்பர் 9 காலையில் சீசன் இறுதியில் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அன்று இரவே அறங்காவலர் குழு அவரை நீக்கியது. தொலைபேசியில் சொன்னது முறையில்லை என்று பலர் வருந்தினார்கள். ஆனால் சிறுவர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை விசாரணையில் இருக்கும்போது, போகும் நாளைக் குறிக்கும் உரிமை எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை.

நட்டம் யாருக்கு?

2015 இல் விதி இப்படி இருந்தது: பயிற்சியாளர் எந்த நாளிலும் போகலாம், அடுத்த வாரமே வேறிடத்தில் வேலைக்குச் சேரலாம். அவரை நம்பி வந்த வீரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால், பொதுவாக ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் பூட்டு. ஸ்பரியரையும் ஓலியரியையும் குறித்த கோபத்தில் பாதி, இந்த அநியாய விதியின்மீது எழ வேண்டிய கோபம்.

அந்தப் பூட்டு பிறகு மெல்லத் திறந்தது. 2018 அக்டோபரில் இடமாற்றப் பதிவேடு வந்தது. பயிற்சியாளரின் அனுமதி கேட்காமலே வீரர் தம் பெயரை அதில் பதியலாம். 2021 இல் ஒருமுறை தண்டனையின்றி மாறலாம் என்றார்கள். 2024 இல் அந்த வரம்பும் போயிற்று. 2021 ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு வருவாயில் பங்கு கொடுக்கத் தொடங்கின. தலைமைப் பயிற்சியாளர் விலகினால் அந்த அணி வீரர்களுக்கு மட்டும் இடம்மாறத் தனி அவகாசமும் ஏற்படுத்தப்பட்டது. இன்று பயிற்சியாளர் பாதியில் போனால் அணியே கலைந்துபோகும் ஆபத்து உண்டு. வீரருக்குக் கிடைத்த நியாயம் இது, நிர்வாகத்துக்குத் தலைவலி.

உதவிப் பயிற்சியாளர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவர் விலகினால், புதியவர் தம் ஆட்களோடு வருவார். குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, வீடு வாங்கி ஊன்றியவர்கள் டிசம்பரில் மூட்டை கட்ட வேண்டும். இது தெரிந்தும், எஞ்சிய ஆட்டங்களுக்கு வீரர்களைத் தேற்றித் தயார்செய்வது அவர்கள் பொறுப்பு. உணவுக்கூட ஊழியர், அலுவலக உதவியாளர், வீடியோ தொகுப்பவர் என இவர்களுக்குக் கீழேயும் நிச்சயமற்ற வேலையில் பலர் இருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது பணம். தாமே விலகும் பயிற்சியாளருக்கு மிச்ச ஒப்பந்தத் தொகை பெரும்பாலும் கிடைக்காது, நீக்கப்பட்டவருக்குக் கிடைக்கும். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஏற்ற சுமை 7.5 கோடி டாலருக்கு மேல். தோற்றுக்கொண்டிருக்கும்போதும் போகாமல், நீக்கட்டும் என்று காத்திருப்பதே லாபம் என்றாகிவிட்ட காலம் இது. அதோடு ஒப்பிட்டால், தோற்கிறேன், பொறுப்பு என்னுடையது, போகிறேன் என்ற ஸ்பரியரின் சொல்லுக்கு ஒரு கண்ணியம் உண்டு. அவரைக் கோழை என்று அழைத்தவர்கள் இந்த வேறுபாட்டையும் பார்க்க வேண்டும்.

என் தீர்ப்பு

பாதி சீசனில் விலகலாமா என்பதற்கு ஒரே விடை கிடையாது. காரணத்துக்குத் தகுந்தாற்போல் விடை மாறும்.

நோய் என்றால் உடனே போக வேண்டும்; அதில் விவாதமே வேண்டாம். கில்லைப் போன்றவர்கள் இன்னும் முன்பே போக வழி செய்வது நிர்வாகத்தின் கடமை. விசாரணை நிலுவையில் இருந்தால், ஓய்வு என்ற சொல்லைத் தரக் கூடாது. தோல்வியும் களைப்பும்தான் காரணம் என்றால், பீமர் செய்ததே சரி: போவதைச் சொல்லிவிட்டு, கடைசி ஆட்டம்வரை நிற்க வேண்டும். ஸ்பரியரின் பேச்சு நேர்மையானது, முடிவு தவறானது. ஓலியரிக்கும் அதே தீர்ப்புதான். எட்டுத் தோல்விக்குப் பின் இன்னும் நான்கு ஆட்டம் நின்றிருந்தால் அவருடைய 12 ஆண்டு உழைப்புக்கு மரியாதை கூடியிருக்கும்.

இதைவிடப் பெரிய பொறுப்பு பல்கலைக்கழகத்துக்கு. எழுபதை நெருங்கும் பயிற்சியாளர் நாளைக் காலை வரவில்லை என்றால் யார் அணியை நடத்துவார் என்பதை ஒவ்வொரு சீசனுக்கும் முன்பே எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அப்படிக் குறிக்கப்பட்டவருக்குச் சில ஆட்டங்களிலாவது முடிவெடுக்கும் பழக்கம் கொடுக்க வேண்டும். தலைவர் விலகினால் உதவியாளர்களின் சம்பளம் அடுத்த கோடைவரை உறுதி என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்க வேண்டும். சேர வாக்களித்த ஒவ்வொரு பையனின் குடும்பத்துக்கும் அன்றைக்கே தொலைபேசியில் பேச வேண்டும். செய்தியை அவர்கள் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இதில் எதுவும் மைதானத்துக்கு இன்னொரு மாடம் கட்டும் அளவுக்குச் செலவு பிடிக்கும் வேலையன்று.

பயிற்சியாளர்கள் வயதாகிப் போகத்தான் போகிறார்கள். சிலர் திடீரென்று போவதையும் யாராலும் தடுக்க முடியாது. அந்த நாளில் வீரர்களைத் திகைத்து நிற்க விடாமல் இருப்பது பல்கலைக்கழகத்தால் முடியும். அதைச் செய்யாத நிர்வாகத்துக்குப் போனவரைக் குறைசொல்லும் தகுதி இல்லை.